எலிப்பொறியும் எலிக்கூண்டும்

மயிலாப்பூர் மாடவீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் எலிக்கென்று ஒரு கூண்டு நெடுங்காலமாக இருந்தே வந்திருக்கிறது. ஆனால் அது எலியை வாழ வைப்பதற்காக ஏற்பட்டதன்று. பலகையால் செய்து, ஒரு முகத்தில் கம்பி அடித்து, உள்ளே கொக்கியில் மசால்வடையையோ சுட்ட தேங்காய்ச் சில்லையோ மாட்டி, இரவில் அரிசி மூட்டைக்கு அருகே வைக்கப்படும் எலிப்பொறியே அது. விக்நேசுவரருடைய வாகனமாயிற்றே என்று கொல்ல மனம் வராத குடும்பத்தினர், அகப்பட்ட எலியைக் காலையில் பொறியோடு தூக்கிச் சென்று அடுத்த தெருவில் திறந்து விடுவதுண்டு. இதில் அடுத்த தெருக்காரர்களின் அபிப்பிராயம் கேட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

எலியை விரும்பி வளர்க்கும் வழக்கம் பிற தேசங்களில் பழையது. ஜப்பானில் 18-ஆம் நூற்றாண்டிலேயே அதற்கு வழிகாட்டி நூல்கள் அச்சாகிவிட்டன. இங்கிலாந்தில் 1901-இல் மேரி டக்ளஸ் என்ற மாதின் முயற்சியால் எலிகள் கண்காட்சி மேடை ஏறின. நம் சென்னை ராஜதானியிலோ, எலிக்கு மரியாதையான வாசஸ்தலம் கிடைத்தது குன்னூர் ஆராய்ச்சிச் சாலையில்தான். அங்கே ராபர்ட் மக்காரிசன் என்ற வைத்திய நிபுணர், இந்தியாவின் பல பிரதேசத்து ஆகாரங்களைத் தனித்தனி எலிக் கூட்டங்களுக்கு ஊட்டி வளர்த்துப் பார்த்தபோது, பஞ்சாபின் சீக்கியர் உணவை உண்டவை கொழுத்து முதலிடம் பெற, நம்மவர் உணவை உண்டவை மெலிந்து கடைசியில் நின்றன என்பது, சாம்பாரில் அபிமானமுள்ளவர்களுக்குச் சற்றுக் கசப்பான சரித்திரம்.

கூண்டு என்பது எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்ற கேள்வியைத் தேசத்தின் சட்டசபைக்குக் கொண்டு போனவர் அடையாற்றுக்காரர் ஒருவர் என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். 1936-இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், 1952-இல் ராஜ்ய சபைக்கு நியமன அங்கத்தினராகச் சென்று, மறு வருஷமே பிராணிவதைத் தடுப்புக்காகத் தனி மசோதா ஒன்றைப் பிரேரேபித்தார். அரசாங்கமே விரிவான சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி கூறியதன்பேரில் அவர் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ள, விசாரணைக் குழு, அறிக்கை என்று வருஷங்கள் சென்று, 1890-ஆம் வருஷத்துப் பழைய சட்டத்தின் இடத்தில் 1960-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. 1962-இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். 1986-இல் காலமாகும் வரை அப்பணி அவரை விட்டு நீங்கவில்லை.

அச்சட்டத்தின் 11-ஆவது பிரிவில் கூண்டைப் பற்றிய ஷரத்து ஒன்று இருக்கிறது. உயரம், நீளம், அகலம் ஆகிய மூன்றிலும், உள்ளிருக்கும் பிராணி நியாயமாக நடமாடப் போதாத கூண்டில் அதை அடைப்பது குற்றம் என்பது அதன் சாரம். அங்குலக் கணக்கு எதுவும் அதில் இல்லை. அளவுகோல் அடைபட்ட ஜீவனுடைய உடம்பே. மனிதரல்லாத எந்த உயிரும் பிராணியே என்று சட்டம் வியாக்கியானம் செய்துவிட்டதால், யானையோடு எலியும் இதற்குள் வந்துவிட்டது. முதல் குற்றத்துக்கு அபராதம் மட்டும் ஐம்பது ரூபாய் வரை என்று அன்று எழுதியதோடு நின்றுவிட்டது; அது இன்று ஒரு நல்ல ஹோட்டலில் காபி குடிக்கவும் காணாது.

விநோதம் என்னவென்றால், 1972-இல் வந்த வனவிலங்குச் சட்டம் இதே எலியைக் காக்கையோடும் பழந்தின்னி வௌவாலோடும் சேர்த்து நாசஜந்துக்களின் அட்டவணையில் வைத்தது. 2022-ஆம் வருஷத்துத் திருத்தம் வரும் வரை அந்த அட்டவணை நீடித்தது. கோயில் வாசலில் கிளிஜோசியர் கையகல மரக்கூட்டில் வைத்திருந்த பச்சைக்கிளிக்கு அந்தச் சட்டத்தால் காவல் கிடைத்தது. எலிக்குக் கிடைத்த ஆதரவெல்லாம் ருக்மிணி தேவியின் சட்டம் தந்ததே. சோதனைச் சாலைப் பிராணிகளை மேற்பார்க்கும் குழுவும் அதே சட்டத்தின் சந்ததி. 1964-இல் பெயரளவில் பிறந்து, 1998-இல் உயிர் பெற்ற அக்குழு, திருவான்மியூர் வால்மீகி நகரிலிருந்து, தேசத்து ஆய்வுக்கூட எலிகளுக்கெல்லாம் கூண்டின் தரைப்பரப்பையும் உயரத்தையும் விதித்துக்கொண்டிருந்தது; அலுவலகம் பின்னர் சென்னையை விட்டுப் போய்விட்டது.

இப்போது தியாகராய நகரின் அடுக்குமாடி வீடுகளில் வெள்ளை எலிகளைச் சிறுவர்கள் வளர்க்கிறார்கள். கடைகளில் அகப்படுவது பெரும்பாலும் பறவைக்கூண்டு; அதன் கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேற்பட்டால் எலிக்குஞ்சு நழுவி வெளியேறிவிடும். தரை கம்பிவலையாக இருந்தால் பாதம் புண்ணாகும். பலகையோ தகடோ பரப்பி, மேலே கிழித்த காகிதம் இடவேண்டும். கண்ணாடித் தொட்டி பார்வைக்கு அழகே தவிர, காற்றோட்டமின்றி மூத்திர நெடி தங்கிச் சுவாசத்தைக் கெடுக்கும். எலி தனிமை பொறுக்காத ஜாதியாதலால் இரண்டு எலிகளேனும் சேர்ந்திருக்க வேண்டும், ஆணும் பெண்ணுமாக அல்ல. ஏறியிறங்கத் தட்டுக்களும், ஒளிந்துகொள்ள வாய் உடைந்த மண்கலயம் ஒன்றும் போதும். அடையாற்றின் உப்புக்காற்றில் சாதாரணக் கம்பி ஒரு மழைக்காலத்துக்குள் துருவேறிவிடுமாதலால் துத்தநாகம் பூசியதாக வாங்குவது நலம். கத்திரி வெயிலில் மட்டும் மொட்டைமாடிக்கு நேர்கீழே உள்ள அறையில் கூண்டை வைக்கலாகாது. வேர்வையால் உடம்பைத் தணித்துக்கொள்ள வகையில்லாத எலி, பெரும்பாலும் வால் வழியாகவே சூட்டை வெளியேற்ற வேண்டியிருப்பதால், அறை அனலானால் சில மணி நேரத்தில் சுருண்டுவிடும்.