மின்னஞ்சல் தானாகப் போன கதை



துறை விழா அழைப்பிதழை வகுப்பில் 60 பேருக்கும் அனுப்பும் வேலை என் தலையில் விழுந்தது. வடமதுரை வீட்டில் உட்கார்ந்து பைத்தானில் பதினைந்து வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். டீ ஆறுவதற்குள் 60 மடலும் போய்விட்டன. பக்கத்தில் இருந்த நண்பன், "துறைத்தலைவர் பேருல 'நாளைக்கு லீவு'ன்னு அனுப்புடா" என்றான். சிரித்தேன். ஆனால், அப்படி முடியுமா? தேடியபோது கிடைத்த வரலாறுதான் இது.

இந்தியாவில் மின்னஞ்சல் தொடக்கத்திலேயே தானாகத்தான் போனது. 1986-ல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஓர் உறுப்பு. அன்று நிரந்தர இணைப்பு கிடையாது. யு.யு.சி.பி. என்ற முறையில் ஒரு கணினி மடல்களைச் சேர்த்து வைத்து, தொலைபேசி வழியே இன்னொரு கணினியை அழைத்து மொத்தமாக ஒப்படைக்கும். ரயிலில் தபால் மூட்டை ஏற்றுவது போலத்தான்!

இன்று நம் ஸ்கிரிப்ட் பேசும் மொழி எஸ்.எம்.டி.பி. ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் வெளியிட்ட விதி அது. "அனுப்புபவர் இவர், பெறுபவர் இவர், மடல் இது" என்று நாம் சொல்ல, சர்வர் ஒவ்வொன்றுக்கும் "சரி" என்கும். அவ்வளவுதான். எளிமையாக இருப்பதால்தான் பதினைந்து வரி போதுகிறது. ஆனால் அனுப்புபவர் உண்மையில் அவர்தானா என்று அந்த விதி கேட்கவே இல்லை. அன்றைய வலையில் இருந்தவை பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களும் பல்கலைக்கழகங்களும்தானே!

அந்த நம்பிக்கை நெடுநாள் நிலைக்கவில்லை. 2000 மே 4 அன்று மணிலாவில் இருந்து 'ஐ லவ் யூ' என்ற தலைப்பில் ஒரு மடல் கிளம்பியது. இணைப்பைத் திறந்தால் ஒரு சிறு ஸ்கிரிப்ட் ஓடி, அவுட்லுக் முகவரிப் பட்டியலில் உள்ள எல்லாருக்கும் தன்னையே அனுப்பும். தெரிந்தவர் பெயரில் வந்ததால் உலகமே திறந்தது. எழுதியவர் கணினி படித்த ஓர் இளைஞர். பிலிப்பைன்ஸில் அன்று அதற்குச் சட்டம் இல்லாததால் வழக்கு நிற்கவில்லை.

அதன் பிறகு பூட்டுகள் வந்தன. அனுப்பும் சர்வரைச் சரிபார்க்கும் எஸ்.பி.எஃப். 2006-லும், மடலுக்கு முத்திரையிடும் டி.கே.ஐ.எம். 2007-லும் விதிகளாக வெளியாயின. நம் நாட்டிலும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 முதல் அமலில் உள்ளது. 2008 திருத்தத்தின்படி, கணினி வழியே வேறொருவராக நடித்து ஏமாற்றினால் 3 ஆண்டு வரை சிறை.

நண்பனிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்ப லீவு கிடையாதா?" என்றான்.

கிடையாது. அழைப்பிதழ் என் பெயரிலேயே போனது, நல்லவேளை!