பாவின் இறுக்கம்

தறியைப் பற்றி எழுத வந்தவர்கள் எல்லோரும் நாடாவைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள். ஓடுகிற பொருள் கண்ணில் படுகிறது. ஆனால் பாவு சுற்றும்போதே துணியின் விதி பாதி தீர்மானமாகிவிடுகிறது.

மத்தூர் இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர். 1965 வரை அந்தப் பிரதேசம் முழுவதும் சேலம் ஜில்லா. ஆகவே அந்தப் பக்கத்து நெசவின் சரித்திரத்தைத் தேடுகிறவன் சேலத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே 1906ல் சென்னை அரசாங்கத்துக்காக ஆல்ஃபிரட் சாட்டர்டன் ஒரு நெசவுச் சாலை நடத்தினார். கைநெசவாளர்களை ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்து, கயிற்றை இழுத்தால் ஓடும் பறக்கும் நாடாவைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்கும் சோதனை அது. நாடா ஜான் கே 1733ல் கண்டது. நெசவாளிகள் ஒழுங்காக வேலைக்கு வருவதில்லை என்பது சாட்டர்டனின் குறை. 1910ல் இந்தியா மந்திரி மார்லி, அரசாங்கம் தொழில் நடத்தக் கூடாது என்றார், சாலை மூடப்பட்டது. சாட்டர்டன் பிறகு மைசூர் சமஸ்தானத்தின் தொழில் இலாகாவுக்குப் போனார். நமது பொருளாதார ஆசிரியர்களுக்கு இது அரசாங்கத்தின் கொள்கை பற்றிய விவாதம். விவாதத்தில் பாவு இல்லை.

பறக்கும் நாடா வேகப்படுத்தியது ஊடையை மட்டும். நாடா கீழ்வரிசை இழைகளின் மேல் ஓடுகிறது. ஓர் இழை தொய்ந்திருந்தால் மேலெழ வேண்டிய நேரத்தில் பாதியில் நிற்கும். நாடா அதில் இடறும், அல்லது அறுத்துவிடும். அதிகம் இறுகிய இழை தானே அறும். நாடாவைக் கையால் எறிகிற காலத்தில் விரல் அவ்வப்போது திருத்திக்கொண்டது. கயிறு அந்த அவகாசத்தை எடுத்துக்கொண்டது. வேகம் கூடக்கூட, பாவில் சமமான இறுக்கம் வேண்டியிருந்தது.

பழைய குழித்தறிகள் பலவற்றில் பாவு உருளையே கிடையாது. பாவின் மறுகோடியைக் கயிற்றில் கட்டி, முளையைச் சுற்றித் தன் கைப்பக்கம் கொண்டுவந்து, தளர்த்தித் தளர்த்தி நெய்தான். இறுக்கத்தின் பெரும் வேலை அதற்கு முன்பே பாவடியில் முடிந்திருக்கும். விடியலில், வெயில் ஏறிக் கஞ்சி காய்ந்து போவதற்குள், தெரு நீளத்துக்குப் பாவை நீட்டி இரு கோடியிலும் இழுத்துக் கட்டுவார்கள். பாவாற்றியால் இழைகளைப் பிரித்து நீவுவார்கள், அறுந்ததை முடிவார்கள். அண்டை வீட்டார் கை கொடுக்காமல் இது நடக்காது. இன்று உன் பாவு, நாளை என் பாவு. நெசவாளி ஏன் சாலைக்கு ஒழுங்காக வரவில்லை என்று கேட்கிறவர்கள் இந்த விடியல்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

உருளை வந்த பிறகு அவஸ்தை வேறு மாதிரி. முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்றுவரை ஒரே இழுப்பு வேண்டும். தளர்ந்த அடுக்கின் மேல் இறுகிய அடுக்கு விழுந்தால் கீழே வெட்டிக்கொண்டு இறங்கும். நெய்யும்போது அந்த இழைகள் மட்டும் நீளம் மாறித் தொய்யும். துணி சுருங்கிப் புடைக்கும். அடுக்குகளுக்கு நடுவே காகிதமோ மெல்லிய குச்சிகளோ வைப்பது இதற்காகத்தான். ஓரத்து இழைகள் சரிந்தால் கரை கெட்டது. ஒருவர் உருளையைத் திருப்ப, எதிரே ஒருவர் பாவைப் பிடித்தபடி பின்னோக்கிச் சாய்ந்து, அடி அடியாக முன்னே வருகிறார். அவர் கை களைத்த இடம் பிற்பாடு துணியில் தெரியும். பெரும்பாலும் அவர் வீட்டு மனுஷி. தனிக் கூலி கிடையாது. நெய்தவர் என்று அவர் பெயரும் வராது.

2019-20ல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் 35 லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள். நூற்றுக்கு 70க்கு மேல் பெண்கள். வடகிழக்கு மாநிலங்கள் அந்த விகிதத்தை உயர்த்துகின்றன என்பது வாஸ்தவம். ஆனாலும் சாட்டர்டன் காலத்திலிருந்து நாம் வாசித்து வந்த நெசவாளி ஆண் என்பதை அது உறுத்துகிறது.

பாவடி இன்று சில இடங்களில் வெறும் தெருப்பெயர். பலர் உருளையைக் கூலிக்குச் சுற்றி வாங்கி வருகிறார்கள். வாங்கும்போது விரலால் முதலில் அழுத்திப் பார்ப்பது அதன் இரு ஓரங்களை.