தாவர வேறுபாட்டுச் சுட்டெண்

இயல்பாக்கப்பட்ட தாவர வேறுபாட்டுச் சுட்டெண் (சுருக்கமாக என்டிவிஐ) என்பது ஒரு நிலப்பரப்பில் பசுமை எவ்வளவு செறிவாக உள்ளது என்பதைத் தொலையுணர்வு மூலம் அளந்து கூறும் எண் ஆகும். பயிர்களின் நிலையை மதிப்பிடவும், வறட்சியை அறியவும், விளைச்சலை முன்கணிக்கவும் இது பயன்படுகிறது.

அடிப்படை

இலையிலுள்ள பச்சையம் ஒளிச்சேர்க்கைக்காகச் சிவப்பு ஒளியின் பெரும்பகுதியை உட்கவர்கிறது. கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்புக் கதிர்களை இலையின் உட்புற உயிரணுக்கள் சிதறடித்துத் திருப்பி அனுப்புகின்றன. இலை வாடிப் பழுக்கும்போது சிவப்பு ஒளியின் தெறிப்பு கூடுகிறது. அகச்சிவப்புத் தெறிப்பு பொதுவாகக் குறைகிறது. வெற்று மண்ணில் இவ்விரண்டுக்கும் இடையேயான வேறுபாடு சிறியதே.

கணக்கிடும் முறை

என்டிவிஐ = (அகச்சிவப்பு − சிவப்பு) ÷ (அகச்சிவப்பு + சிவப்பு)

இதன் மதிப்பு −1 முதல் +1 வரை அமையும். எடுத்துக்காட்டாக, ஒரு வயல் சிவப்பில் 5 விழுக்காடும் அகச்சிவப்பில் 45 விழுக்காடும் தெறித்தால் சுட்டெண் 0.8 ஆகும், இது செழித்த பயிரைக் குறிக்கும். அவை முறையே 20, 30 விழுக்காடு எனில் சுட்டெண் 0.2 மட்டுமே. நீர்நிலைகள் பெரும்பாலும் எதிர்ம மதிப்பைத் தரும். கூட்டுத்தொகையால் வகுப்பதால், கதிரவனின் கோணம், சரிவுகளின் நிழல் ஆகியவற்றின் தாக்கம் ஓரளவு நீங்குகிறது.

மேகம் சுட்டெண்ணைக் குறைத்துக் காட்டும். எனவே 10 அல்லது 16 நாட்களின் படிமங்களைத் தொகுத்து, ஒவ்வோர் இடத்திற்கும் கிடைத்த உயர்ந்த மதிப்பை எடுத்துக்கொள்வது வழக்கம்.

வரலாறு

1972 சூலை 23 அன்று ஏவப்பட்ட லேண்ட்சாட்-1 செயற்கைக்கோளின் தரவுகளைக் கொண்டு, அமெரிக்கப் பெருஞ்சமவெளியின் புல்வெளிகளை டெக்சாசு ஏ அண்டு எம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது இச்சுட்டெண் பயன்பாட்டுக்கு வந்தது. எத்தியோப்பியாவிலும் சாகேல் பகுதியிலும் 1984-85இல் ஏற்பட்ட கொடும் பஞ்சத்தை அடுத்து, அமெரிக்க அரசின் பன்னாட்டு வளர்ச்சி முகமை 1985இல் பஞ்ச முன்னெச்சரிக்கை அமைப்பைத் தொடங்கியது. பயிர் பொய்ப்பதை அறுவடைக்கு முன்பே அறிய அவ்வமைப்பு இச்சுட்டெண் படிமங்களைப் பயன்படுத்தியது.

2000 முதல் மோடிசு உணரி 250 மீட்டர் துல்லியத்திலும், 2015 முதல் ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 10 மீட்டர் துல்லியத்திலும் இதற்கான படிமங்களை அளித்துள்ளன.

இந்தியாவில்

புது தில்லியில் 2012இல் நிறுவப்பட்ட மகாலனோபிசு தேசியப் பயிர் முன்மதிப்பீட்டு மையம் காரிப் பருவ வறட்சியை மதிப்பிட இச்சுட்டெண்ணைப் பயன்படுத்துகிறது. 2016இல் வெளியான வறட்சி மேலாண்மைக் கையேடு, மழையளவு, மண் ஈரம், விதைப்புப் பரப்பு போன்றவற்றுடன் இதனையும் ஓர் அளவுகோலாக ஏற்றது. எனினும் சுட்டெண்ணை மட்டும் கொண்டு வறட்சி அறிவிக்கப்படுவதில்லை. பாதிக்கப்பட்ட சிற்றூர்களுள் 10 விழுக்காட்டில் நேரடிக் கள ஆய்வு நடத்த வேண்டும் என்று அக்கையேடு கூறுகிறது. உழவர்களுக்கான நிவாரணம் இம்முடிவைச் சார்ந்திருப்பதால் இந்நெறி முதன்மை பெறுகிறது.

குறைபாடுகள்

* பசுமை குறைந்ததை இது காட்டும். அதற்குக் காரணம் நீர்ப் பற்றாக்குறையா, பூச்சியா, காலந்தாழ்ந்த விதைப்பா, முடிந்துவிட்ட அறுவடையா என்பதைக் காட்டாது.
* களையும் பயிரும் இதற்கு ஒன்றே.
* அடர்ந்த பயிரில் மதிப்பு உச்சத்தை நெருங்கி நின்றுவிடுவதால், மேலும் ஏற்படும் வளர்ச்சி புலப்படாது.
* பயிர் இளமையாக உள்ளபோது மண்ணின் நிறம் கணக்கைப் பாதிக்கும். இதனைத் திருத்த 1988இல் மண் சரிசெய்த சுட்டெண் முன்மொழியப்பட்டது.
* பருவமழைக் காலத்தில் வாரக்கணக்கில் மேகம் மூடியிருந்தால் பயனுள்ள படிமம் கிடைக்காது. அதனால் நெல் போன்ற பயிர்களுக்கு மேகத்தை ஊடுருவும் ரேடார் படிமங்களும் பயன்படுத்தப்படுகின்றன.