சுருட்டுப் பெட்டி மூடியில் ஒரு நாடு

ஓவியக் கண்காட்சி என்றவுடன் ஆளுயரத் திரைச்சீலைகளும் பொன்முலாம் பூசிய சட்டங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. நான் இங்கே சொல்லப் புகும் கண்காட்சியிலோ, தொங்கிய படங்களுள் மிகப் பல ஒன்பது அங்குல நீளமும் ஐந்து அங்குல அகலமுமே உடைய பலகைத் துண்டுகள். சுருட்டுப் பெட்டிகளின் மூடிகள். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், ஸ்வான்ஸ்டன் தெருவில், பக்ஸ்டன் கூடம் எனப்பட்ட இடத்தில், 1889ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17ஆம் நாள் அது திறக்கப்பெற்றது. படங்களின் அளவே காட்சிக்குப் பெயராகவும் அமைந்தது: ‘ஒன்பதுக்கு ஐந்து’. 183 படைப்புகள் அங்கே வைக்கப்பட்டிருந்தன. மூன்று வாரங்கள் காட்சி நடைபெற்றது.

இத்துணைச் சிறிய நிகழ்ச்சியைப் பற்றி நூற்றாண்டு கடந்தும் பேசுவானேன் என்று கேட்கலாம். வேற்று நாட்டிலிருந்து வந்து குடியேறிய மக்கள், தாம் வாழும் நிலத்தை அதன் சொந்த நிறத்திலேயே பார்க்கத் துணிந்ததைப் பறைசாற்றிய இடம் அது. அவர்கள் எதைப் பார்த்தார்கள், எதைப் பார்க்காது விட்டார்கள் என்பதுதான் என் பேச்சின் பொருள்.

மெல்போர்ன் அன்று இளநகரம். 1835இல் குடியேற்றம் தொடங்கிற்று. 1851இல் விக்டோரியாப் பகுதியில் தங்கம் கண்டெடுக்கப்பட்டதும் கப்பல் கப்பலாய் மக்கள் வந்து இறங்கினர். 1880களின் இறுதியில் நகரின் மக்கள் தொகை ஏறத்தாழ ஐந்து இலட்சம். 1880இலும் 1888இலும் உலகப் பொருட்காட்சிகள் நடத்தும் அளவுக்குச் செல்வம் பெருகியிருந்தது. செல்வர் வீட்டுச் சுவர்களுக்கும் படங்கள் வேண்டியிருந்தன. ஆனால் சுவைக்கு அளவுகோல் இலண்டனாகவே இருந்தது. மூடுபனியும் ஈரப் பசுமையும் நிறைந்த ஐரோப்பியக் காட்சிகளே அழகு என்று கொள்ளப்பட்டன.

ஓவியர் கையிலும் அப்பழக்கமே படிந்திருந்தது. அந்நாட்டின் யூகலிப்டஸ் மரத்தை இங்கிலாந்தின் ஓக் மரத்தைப் போலத் திரண்ட இலைக்கொத்தும் அடர்ந்த நிழலுமாக எழுதியவர் பலர். உண்மையான மரம் அவ்வாறு இராது. வளர்ந்த மரத்தின் இலை தன் விளிம்பை வெயிலுக்குக் காட்டிக் கீழ்நோக்கித் தொங்கும். ஆதலால் உச்சிப் பொழுதிலும் நிழல் கனத்து விழாது, ஒளி சல்லடையில் சலித்தாற்போல் கிளைகளின் ஊடே இறங்கும். ஆண்டுதோறும் அது மொத்தமாக உதிர்ப்பது இலையையன்று. பல வகைகள் பட்டையையே உரித்துப் போடும். நிறமும் சாம்பலும் நீலமும் தோய்ந்த ஒரு பச்சை. உதகைக்குச் சென்று வந்தோர் இதனை நேரிலே கண்டிருப்பர். 1843இல் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்ட தைல மரம் இதுவே. சித்திர வகுப்பில் மரம் வரையச் சொன்னால், சன்னலுக்கு வெளியே நிற்கும் வேம்பை ஏறெடுத்தும் பாராமல் வண்ணப் பெட்டியில் பச்சை வில்லையைத் தேடும் பிள்ளைகளை ஆசிரியர் அனைவரும் அறிவர். தேர்ந்த ஓவியரும் ஏறக்குறைய அதனையே செய்துகொண்டிருந்தனர். 1865இல் வந்து சேர்ந்த சுவிட்சர்லாந்து நாட்டவரான லூயி புவெலோ போன்ற சிலர் மட்டும் வெளியே சென்று மரத்தைப் பார்த்து எழுதினர். பின்வந்த இளைஞர் அவரை மதித்துப் போற்றினர்.

அவ்விளைஞருள் தலைவர் டாம் ராபர்ட்ஸ். 1856இல் இங்கிலாந்தில் பிறந்து, 1869இல் மெல்போர்னுக்கு வந்து, 1881இல் ஓவியம் பயில மீண்டும் இலண்டன் சென்று, 1885இல் திரும்பினார். வந்த சூட்டோடு நகருக்குக் கிழக்கே பாக்ஸ் ஹில் என்னும் இடத்தில், ஓடைக்கரைத் தோப்பில் நண்பர்களோடு கூடாரம் அடித்தார். பிரெடெரிக் மக்கபின் உடன் இருந்தார். லூயி ஏபிரகாம்ஸ் என்ற நண்பரும் இருந்தார். அவர் குடும்பத்துக்குச் சுருட்டு வணிகம். பெட்டி மூடிகள் எங்கிருந்து வந்தன என்பது இப்போது விளங்கும். பின்னர் ஆர்தர் ஸ்ட்ரீட்டனும் சார்லஸ் காண்டரும் சேர்ந்தனர். கண்காட்சி நடந்தபோது ஸ்ட்ரீட்டனுக்கு வயது 22, காண்டருக்கு 20. காண்டர் அதற்குமுன் நியூ சவுத் வேல்ஸ் பகுதியில் நில அளவைப் பணியில் இருந்தவர்.

1888இல் ஹைடல்பர்க் என்னும் ஊரை அடுத்த ஈகிள்மாண்ட் குன்றின்மேல் ஒரு பாழ்வீடு ஸ்ட்ரீட்டனுக்குக் கிடைத்தது. கீழே யார்ரா ஆறு வளைந்து செல்லும். அப்பால் நீல மலைத்தொடர் தெரியும். வீட்டில் தட்டுமுட்டுப் பொருள்கள் அதிகம் இல்லை. காண்டரும் ராபர்ட்சும் அங்கே வந்து தங்கினர். இரண்டு கோடைகள் அவ்வீட்டைச் சுற்றியே கழிந்தன. ஹைடல்பர்க் குழுவினர் என்ற பெயர் பிற்காலத்தில் இவர்களுக்கு வழங்கியது இதனால்தான்.

மூடியில் எழுதியது வறுமையால் மட்டும் அன்று. மாலை வெயில் ஒரு வைக்கோற்போர்மேல் படிந்து நிற்பது சில நிமிடமே. பெரிய திரைச்சீலையை விரித்து, கோடு போட்டு, வண்ணம் குழைப்பதற்குள் பொழுது மாறிவிடும். கையடக்கமான பலகை என்றால் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம். நின்ற இடத்திலேயே முடிக்கலாம். இவ்வாறு கணப்பொழுதின் தோற்றத்தைப் பிடிப்பதே தம் நோக்கம் என்று காட்சிப் பட்டியலிலும் அவர்கள் அறிவித்தனர். இலண்டனில் விஸ்லர் என்னும் ஓவியர் சிறு பலகைப் படங்களைத் தனிக் காட்சியாக வைத்துக் காட்டியிருந்தார். அம்முறையின் சாயல் இங்கே உண்டு. தம் நாட்டைத் தம் கண்ணால் பார்க்க முனைந்தவர்க்கும் பார்க்கும் வழியை இலண்டனே கற்றுக்கொடுத்தது என்பது சற்று வேடிக்கைதான்.

கூடத்தின் அலங்காரத்தைக் கேட்டால் இன்னும் வியப்பு உண்டாகும். பட்டுத் திரைகள், சப்பானியக் குடைகள், மணம் கமழும் மலர் நிறைந்த சாடிகள், தேநீர், இசை. படங்களுக்கு அகன்ற மரச் சட்டங்கள். படங்களிலோ மழையில் நனைந்த தெரு, கடற்கரைப் படகு, புகை கக்கும் இரயில், காய்ந்த புல், வேலி. நகர மக்கள் திரண்டு வந்தனர். நகைக்க வந்தவரும் வாங்கிச் சென்றவரும் உண்டு. முதல் இரண்டு வாரங்களிலேயே படங்கள் பலவும் விற்றுப்போயின.

ஆர்கஸ் நாளிதழின் திறனாய்வாளர் ஜேம்ஸ் ஸ்மித் மட்டும் கடுஞ்சினம் கொண்டார். அவர் சொல்லுக்கு நகரில் பெரு மதிப்பு. முற்றுப்பெறாத கிறுக்கல்கள் என்றும், பெரும்பாலானவை கண்ணுக்கு நோவு தருவன என்றும் அவர் எழுதினார். ஓவியர்கள் அக்கட்டுரையை வெட்டி எடுத்துக் கூடத்தின் வாயிலிலேயே ஒட்டி வைத்தனர்! வசைமொழி விளம்பரம் ஆயிற்று. பின்னர் மூவரும் கையொப்பமிட்டு அதே நாளிதழுக்கு மறுமொழி விடுத்தனர். தாம் கண்டதையும் உணர்ந்ததையும் அன்றி வழிவழி வந்த வாய்பாட்டை எழுதமாட்டோம், அந்நாட்டுக்கென ஓர் ஓவிய மரபு எழ வேண்டுமானால் அடித்தளம் அதுவே என்பது அதன் சாரம். நான் ஸ்மித்தை முற்றும் குறை கூறமாட்டேன். அரைமணி நேரத்தில் முடித்ததை விலைக்கு வைப்பதா என்பது நேர்மையான வினா. எனினும் அவர் படங்களில் மெருகைத் தேடினாரேயன்றி வெயிலைப் பார்க்கவில்லை.

இனி நான் முதலில் குறிப்பிட்ட இரண்டாவது செய்திக்கு வருவோம்.

ஈகிள்மாண்டுக் குன்று காடு அன்று. மனையாகப் பிரித்து விற்பதற்கென்று ஒரு கூட்டத்தார் வாங்கி வைத்திருந்த நிலம் அது. மனைகள் விற்கும்வரை அந்தப் பழைய வீட்டில் தங்கிக்கொள்ள ஓவியர்க்கு இசைவு கிடைத்தது; 1890இல் அவர்கள் வெளியேறினர். ஸ்ட்ரீட்டன் 1889இல் அங்கே எழுதிய ‘பொற்கோடை, ஈகிள்மாண்ட்’ என்னும் பெரிய ஓவியம் 1891இல் இலண்டன் இராயல் அகாதெமியில் காட்டப்பட்டது. பொன்னிறப் புல்வெளி, ஆடுகள், மேய்க்கும் சிறுவன், தொலைவில் மலை. அப்புல்வெளி யாருடையது என்ற வினா படத்தில் எழவில்லை.

ஆனால் வினா அந்த ஆற்றங்கரையில் உயிரோடு இருந்தது. யார்ரா என்று நாம் சொல்லும் பெயரே வெள்ளையர் தவறாகக் கேட்டுச் சூட்டியது. அக்கரையில் வாழ்ந்த வுருண்ட்ஜெரி மக்கள் தம் ஆற்றைப் பிர்ராருங் என்றனர். 1835இல் ஜான் பேட்மன் என்பவர் போர்வை, கத்தி, கண்ணாடி, மாவு முதலியவற்றைக் கொடுத்து ஏறத்தாழ ஆறு இலட்சம் ஏக்கர் நிலத்தை அம்மக்களிடம் பெற்றதாக ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார். நிலம் முழுவதும் அரசருடையது என்று கூறி ஆளுநர் அதே ஆண்டில் அதனைச் செல்லாததாக்கினார். வாங்கினேன் என்றவரும், வாங்கச் செல்லாது என்றவரும் வாதாடினர். நிலத்துக்கு உரியவரை யாரும் வினவவில்லை. அந்த ஒப்பந்தம் நடந்த இடத்தில் பதினொரு வயதளவான சிறுவன் ஒருவன் நின்றிருந்தான். பின்னாளில் வில்லியம் பராக் என்று அறியப்பட்டவர் அவரே.

ஈகிள்மாண்டிலிருந்து அதே ஆற்றின் போக்கை எதிர்த்து மேலே சென்றால் மலையடிவாரத்தில் கொரண்டர்க் என்னும் குடியிருப்பு இருந்தது. எஞ்சிய பழங்குடியினர் சிலர் 1863இல் அங்கே நடந்து சென்று தங்கினர். உழைத்துப் பயிரிட்டனர், பீர் காய்ச்சப் பயன்படும் ஹாப்ஸ் கொடியை நல்ல இலாபத்துடன் விளைவித்தனர். நிலம் வளம் பெற்றதும் சுற்றியிருந்தோர் அதன்மேல் கண் வைத்தனர். 1874இல் தலைமை ஏற்ற பராக், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவு மெல்போர்னுக்கு நடந்தே சென்று அமைச்சர்களிடம் முறையிட்டார். 1881இல் விசாரணைக் குழுவும் அமைந்தது. ஆயினும் 1886இல் ஒரு சட்டம் வந்தது. கலப்பில் பிறந்தவருள் 34 வயதுக்கு உட்பட்டவர் குடியிருப்பில் வாழலாகாது என்றது. உழைக்கும் கைகள் வெளியேற்றப்பட்டன. இச்சட்டத்துக்கும் சுருட்டுப் பெட்டிக் கண்காட்சிக்கும் இடையே மூன்று ஆண்டுகளே.

பராக் ஓவியரும் ஆவார். அவ்வாண்டுகளிலும் அதற்குப் பின்னும் அவர் தாளிலும் அட்டையிலும் எழுதியவற்றுள் ஐம்பதுக்குக் குறையாதவை இன்றும் உள்ளன. இளமையில் தாம் கண்ட கூத்துகளையே பெரிதும் எழுதினார். நடுவே தீ, வரிசை வரிசையாய் ஆடும் ஆடவர், பாஸம் என்னும் மரவாழ் விலங்கின் தோலால் தைத்த போர்வையணிந்த மகளிர். அடிவானமும் இல்லை, தொலைமலையும் இல்லை. ஆனால் அவர் பயன்படுத்திய செம்மண்ணும் மஞ்சள் மண்ணும் கரியும் அந்த நிலமே. போர்வைகளின் கோலங்கள் ஒவ்வொன்றும் இன்ன குலத்தார், இன்ன நாட்டார் என்பதைச் சொல்வன. நம் இலக்கணத்தின் சொல்லால் கூறுவதானால், ஹைடல்பர்க் இளைஞர் முதற்பொருளை, அதாவது நிலத்தையும் பொழுதையும், அரிய நுட்பத்தோடு எழுதினர். மக்களும் விலங்கும் பறையும் தெய்வமும் ஆகிய கருப்பொருளைப் பராக் எழுதினார். ஒரே ஆற்றின் கரையில், ஒரே காலத்தில் இவை நடந்தன. மெல்போர்ன் ஓவியருக்குப் பராக் அறியாத பெயரும் அன்று. புளோரன்ஸ் புல்லர் என்ற பெண் ஓவியர் 1885இல் அவர் உருவத்தை எழுதியிருக்கிறார். எனினும் ‘ஒன்பதுக்கு ஐந்து’ பட்டியலில் அவர் இல்லை. அவர் படங்களைக் கொரண்டர்க்குக்கு வேடிக்கை பார்க்க வந்தோர் நினைவுப் பொருளாக வாங்கிச் சென்றனர். பல ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் போய்ச் சேர்ந்தன.

1890களில் நில வாணிகம் சரிந்து மெல்போர்ன் பெரும் பொருள்முடைக்கு ஆளாயிற்று. காண்டர் 1890இலேயே ஐரோப்பா சென்றுவிட்டார். ராபர்ட்சும் ஸ்ட்ரீட்டனும் சிட்னிக்குச் சென்றனர். பராக் 1903இல் கொரண்டர்க்கிலேயே காலமானார். அக்குடியிருப்பு 1924இல் மூடப்பட்டது. சுருட்டுப் பெட்டி மூடிகளுள் பல எங்கே போயின என்று இன்றும் தெரியவில்லை. கிடைத்தவை இன்று அந்நாட்டுக் கலைக்கூடங்களில் போற்றப்படுகின்றன. ‘பொற்கோடை’யை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 1995இல் 35 இலட்சம் டாலர் கொடுத்து வாங்கிற்று.

பராக்கின் படைப்புகளுக்கும் காலம் வந்தது. 2003இல் விக்டோரியாத் தேசியக் கலைக்கூடம் அவருக்கெனத் தனிக் கண்காட்சி நடத்தியது. 2022இல் நியூயார்க் நகரில் அவர் ஓவியம் ஒன்றும் அவர் செதுக்கிய கேடயம் ஒன்றும் ஏலத்துக்கு வந்தபோது, வுருண்ட்ஜெரி மக்கள் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி, விக்டோரியா அரசின் உதவியும் பெற்று, அவ்விரண்டையும் வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தனர். பக்ஸ்டன் கூடம் இருந்த அதே ஸ்வான்ஸ்டன் தெருவின் வடகோடியில் 2015இல் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று எழுந்தது. அதன் மாடி முகப்புகளின் வெண்மையும் கருமையும் ஒன்றுசேர்ந்து தொலைவிலிருந்து நோக்குவார்க்கு ஒரு முகமாய்த் தெரியும். அது வில்லியம் பராக்கின் முகம். அருகே சென்றால் முகம் மறைந்து வெறும் வளைகோடுகளே தெரிகின்றன. உள்ளே வீடுகள் விலைக்கு விற்கப்பட்டன.