சரந்தீபி உருக்கும் சோனகத்தெரு இரும்புக்கடையும்

தரம் பத்தில் தமிழ்ப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழும்பிக் கேட்டான்: "சேர், எங்கட யாழ்ப்பாணத்தில எப்பவாவது இரும்பு தோண்டி எடுத்தவங்களா?" பாடத்துக்குத் தொடர்பில்லாத கேள்வி. ஆனாலும் இரும்புக்கடைக்காரர் ஒருவரின் மகனிடம் கேட்ட கேள்வி. அதனால் அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

நேரான பதில், இல்லை என்பதுதான். குடாநாடு முழுவதும் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புப் பாறையின் மேல் கிடக்கிறது. நமது செம்மண்ணின் சிவப்பு இரும்பு ஒட்சைட்டால் வந்ததுதான். ஆனால் அதை உருக்கி ஒரு கத்தி செய்யவும் வழியில்லை. பெரிய அளவில் நாம் கண்ட தோண்டல் எல்லாம் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்காக வெட்டிய சுண்ணக்கல்தான். 1950இல் உற்பத்தி தொடங்கிய அந்தத் தொழிற்சாலை 1990இல் யுத்தத்தோடு நின்றது. வெட்டிய பள்ளங்கள் மட்டும் இன்றும் கிடக்கின்றன.

ஆனால் உலோகம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் பெருங்கற்காலப் புதைகுழியைத் தோண்டியபோது எழுத்துப் பொறித்த வெண்கல முத்திரை ஒன்று கிடைத்தது. கல்லில் உலோகம் இல்லாத ஊரில் உலோகம் இருந்திருக்கிறது என்றால், அது வெளியிலிருந்து வந்திருக்க வேண்டும். இங்கே இரும்பின் வரலாறு என்பது சுரங்கத்தின் வரலாறு அல்ல, வியாபாரத்தின் வரலாறு.

அந்த வியாபாரத்தில் நமது ஆட்களுக்குப் பெரும் பங்கு இருந்ததை இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எனது வாப்பாவும் அவருடைய வாப்பாவும் இரும்புக்கடைதான் வைத்திருந்தார்கள். புது இரும்பும் விற்பார்கள், பழைய இரும்பும் வாங்குவார்கள். சிறு வயதில் "பழைய இரும்பு" என்று பகிடி பண்ணுவார்கள் என்று கடைப்பக்கம் போகவே வெட்கப்பட்டவன் நான். இன்று நினைத்துப் பார்த்தால், வாப்பா செய்துகொண்டிருந்தது ஒருவகை உலோகச் சோதனை. துண்டைக் கல்லில் தட்டிச் சத்தத்தைக் கேட்பார். உடைந்த முகத்தை வெயிலில் பிடித்து மணியைப் பார்ப்பார். அரத்தால் ஒரு இழுவை இழுப்பார். "இது வார்ப்பிரும்பு, விழுந்தால் உடையும். இது தேனிரும்பு, வளையும். இது உருக்கு, இதுக்கு விலை வேற." தராசு அதற்குப் பிறகுதான்.

பல வருடங்களுக்குப் பிறகு அல் கிந்தியின் வாள்கள் பற்றிய ரிஸாலாவைப் பற்றி வாசித்தபோது எனக்கு வாப்பாவின் கை ஞாபகம் வந்தது.

யஃகூப் இப்னு இஸ்ஹாக் அல் கிந்தியை மெய்யியலாளராகத்தான் நாம் அறிந்திருக்கிறோம். அவர் அப்பாஸியக் கலீபா அல் முஃதஸிமுக்காக (ஆட்சிக்காலம் 833–842) வாள்களின் வகைகளைப் பற்றி ஒரு ரிஸாலா எழுதினார். அதில் இரும்பை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று சுரங்கத்திலிருந்து வருவது. அதிலும் கடினமான ஷாபுர்கான் 'ஆண்' இரும்பு, மென்மையான நர்மாஹன் 'பெண்' இரும்பு. மற்றது மனிதன் பக்குவப்படுத்திச் செய்த ஃபூலாத், அதாவது உருக்கு. அதன்பின் வாளின் ஊர், நிறம், மேற்பரப்பில் தெரியும் நீரோட்டம் போன்ற கோடுகள் என்று வகை வகையாகப் போகிறார். அந்த வகைகளில் ஒன்றின் பெயர் சரந்தீபி. சரந்தீப் என்பது நமது தீவுக்கு அறபிகள் வழங்கிய பெயர். ஒன்பதாம் நூற்றாண்டிலே, கலீபாவின் சபையில், இந்தத் தீவின் உருக்குக்குத் தனிப் பெயரும் தனித் தரமும் இருந்திருக்கின்றன.

அல் கிந்தி கொல்லன் அல்ல. அவர் உலை ஊதியதாக நான் எங்கும் காணவில்லை. செய்தவனிடமும் விற்றவனிடமும் கேட்டு, பொருளைக் கையில் எடுத்துப் பார்த்துப் பிரித்து எழுதியவராகத்தான் அவரை நான் எண்ணுகிறேன். அந்த வரிசையில் இரண்டு நூற்றாண்டுக்குப் பின் வந்த அல் பிரூனி இன்னும் ஒரு படி போனார். கற்களையும் உலோகங்களையும் நீரில் இட்டு எடைபோட்டு அவற்றின் ஒப்படர்த்தியைக் கணக்கிட்டார். அல் ஜமாஹிர் என்ற நூலில் இரும்புக்கும் இடம் கொடுத்தார்.

இனி மலைநாட்டுக்கு வருவோம். ஆனந்த குமாரசுவாமியைக் கலை வரலாற்றாசிரியராகத்தான் எல்லாருக்கும் தெரியும். அவர் முதலில் ஒரு புவிச்சரிதவியலாளர். தந்தைவழியில் வடமராட்சிக் கெருடாவில் குடும்பம். சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன். பொன்னம்பலம் இராமநாதனுக்கு மைத்துனர் முறை. (இராமநாதன் என்றதும் நமது வாசகர்களுக்கு 1888 ஞாபகம் வரும். அது வேறு கதை, இங்கே வேண்டாம்.) 1877இல் கொழும்பில் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, இலண்டனில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் படித்து வந்தவர், 1903இல் தொடங்கிய இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதல் பணிப்பாளரானார். இன்றைய புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்துக்கு அதுதான் மூத்த வேர்.

அவர் பெயர் சம்பந்தப்பட்ட இரண்டு கனிப்பொருள்கள் உண்டு. ஒன்று தோரியனைற். பலாங்கொடைப் பக்கம் மாணிக்கம் தோண்டிய இடத்தில் வந்த கறுப்புக் கற்கள் அவை. 1905இல் இலண்டனில் ஒட்டோ ஹான் என்ற இளம் ஜேர்மானியர் ரேடியோதோரியத்தைக் கண்டுபிடித்தது இந்த இலங்கைக் கல்லிலிருந்து எடுத்த பொருளில்தான். பின்னாளில் அணுப்பிளவைக் கண்டவர்களில் ஒருவர் அவர். மற்றக் கனிப்பொருளை 1903இல் பிரையர் என்பவரோடு சேர்ந்து குமாரசுவாமி உலகுக்கு அறிவித்தார். அதற்கு வைத்த பெயர் செரண்டிபைற். அல் கிந்தி உருக்குக்கு எழுதிய அதே சரந்தீப், ஆயிரம் வருடம் கழித்து இன்னொரு கல்லுக்குப் பெயராகி வந்தது.

கல் தேடிப் போனவரின் கண் உலைகளிலும் பட்டது. ஹட்டரபாகையில் இரும்பு உருக்குவதையும், அலுத்நுவரவில் உருக்குச் செய்யும் முறையையும் அவர் விவரமாகப் பதிந்திருக்கிறார். 1908இல் வந்த இடைக்காலச் சிங்களக் கலை நூலில் அது இருக்கிறது. களிமண் குழாயில் இரும்புத் துண்டையும் ஆவாரை மரச் சீவல்களையும் போட்டு, வாயை அடைத்து, கரி உலையில் வைத்துத் துருத்தியால் ஊதுவார்கள். மரச்சீவலின் காபன் இரும்பில் ஏறும். குழாயை எடுத்துக் குலுக்கினால் உள்ளே திரவம் அசைவது தெரியும், அதுதான் பதம். தொழில் தெரிந்தவர்கள் அவர் காலத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்களாக இருந்தார்கள். சீமை இரும்பு மலிவாக இறங்கிய பிறகு ஆர் ஊதுவார்கள்?

அல் கிந்தியின் ரிஸாலாவை அப்துர் ரஹ்மான் ஸகீ கெய்ரோவில் பதிப்பித்தது 1952இல். அறபு ஏட்டில் பெயர் இருந்தது, சிங்களக் கிராமத்தில் உலை இருந்தது, ஆனால் ஒன்றை வைத்து மற்றதைப் பார்க்க இன்னும் காலம் எடுத்தது.

சமனலவெவ நீர்த்தேக்கம் கட்ட முற்பட்டபோது, தண்ணீரில் மூழ்கப்போகும் பிரதேசத்தை ஆராயப் போனவர்களில் கில் ஜூலெஃப் என்ற பிரித்தானிய ஆய்வாளரும் ஒருவர். மேற்குப் பார்த்த மலைச்சரிவுகளின் விளிம்பில் உலைத் தடங்கள் இருந்தன. அந்த வகையில் மட்டும் 77 இடங்கள். துருத்தி இல்லை. நாம் சோளகம் என்று சொல்லுகிற தென்மேல் பருவக்காற்றை நேரே எதிர்கொள்ளும்படி உலை கட்டியிருக்கிறார்கள். முன்சுவரைத் தாண்டிக் காற்று வேகமாகப் போகையில் உள்ளே அழுக்கம் குறைகிறது. சுவரின் அடியில் வரிசையாக வைத்த குழாய்களால் காற்று தானே உள்ளிழுக்கப்படுகிறது. அந்த அம்மையார் அதேபோல உலை கட்டி, அதே காற்றில் எரித்தும் பார்த்தார். காபன் கூடிய உருக்கே நேராகக் கிடைத்தது. 1996 ஜனவரியில் நேச்சர் சஞ்சிகையில் கட்டுரை வந்தது. அந்த உலைகள் பெருமளவில் இயங்கிய காலம் கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை. அல் கிந்தி அந்தக் காலத்தின் நடுவில் வருகிறார். அவருடைய சரந்தீபியைப் படிக்கிறவர்கள் இன்று சமனலவெவையை நினைக்காமல் இருக்க முடியாது.

இதை வைத்துக்கொண்டு "முஸ்லிம்கள்தான் இலங்கையில் உருக்குச் செய்தார்கள்" என்று மேடையில் பேச ஆள் கிளம்பக்கூடும். அது பிழை. உலை கட்டியவர்கள் அந்த மலையின் மக்கள். மரம் வெட்டிக் கரி சுட்டதும், எந்த மாதம் காற்று நிற்கும் என்று தெரிந்து வைத்திருந்ததும் அவர்கள். அறபுலகத்தின் பங்கு வாங்கியதும், தரம் பார்த்ததும், எழுதி வைத்ததும். அது சின்னப் பங்கு என்று நான் நினைக்கவில்லை. அந்தத் தரத்துக்கு ஒரு பெயர் மிஞ்சியது எழுதி வைத்ததால்தான்.

எனக்கு வலிக்கிற இடமும் அதுதான். எங்கள் கடையில் வாப்பாவின் வாப்பா காலத்திலிருந்து கணக்குக் கொப்பிகள் இருந்தன. பழையவை அறபுத் தமிழில். எந்தக் கப்பலில் என்ன இரும்பு வந்தது, எந்தக் கொல்லன் எதை வாங்கினான், எதைத் திருப்பிக் கொண்டுவந்தான் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும் என்று வாப்பா சொல்லுவார். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி நாங்கள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. உடுத்த உடுப்போடு புத்தளம் போனோம். யுத்தம் முடிந்து திரும்பி வந்து பார்த்தபோது கடையின் சுவர் இரண்டு நின்றது. கூரை இல்லை, நிலை இல்லை, கொப்பி எங்கே இருக்கும்? இரும்பே களவு போன இடத்தில் கடதாசி மிஞ்சுமா? வாப்பா கொப்பியைத்தான் தேடினார், தராசைத் தேடவில்லை.

இதனால் யாழ்ப்பாணச் சோனகரின் இரும்பு வியாபாரத்தைப் பற்றி எழுத என்னிடம் இருப்பது வாப்பாவின் வாய்ச்சொல் மட்டும். அவருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் பிறகு ஒலிப்பதிவு செய்து வருகிறேன். புத்தளத்திலோ நீர்கொழும்பிலோ கொழும்பிலோ வாழும் நமது பழைய கடைக்காரர் குடும்பங்களில் எவரிடமாவது 1990க்கு முந்திய ஒரு கணக்குக் கொப்பி, ஒரு பற்றுச்சீட்டு, துறைமுகத்துக் கடதாசி இருந்தால் பார்க்கத் தரவேண்டும். பிரதி எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். அறபுத் தமிழ் எழுத்து வாசிக்க முடியவில்லை என்று எறிந்துவிட வேண்டாம். வாசிக்க ஆள் இருக்கிறது.