சக்கரம் பூட்டிய சிம்மாசனம்

யூதாவின் இளம் அரசன் யோயாக்கீனைப் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் சிறைபிடித்துப் போனதைச் சென்ற வாரம் பார்த்தோம். கி.மு. 597-இல் அவனோடு பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் எசேக்கியேல் என்ற ஆசாரியரும் ஒருவர். கேபார் ஆற்றங்கரையில் குடியமர்த்தப்பட்ட அவருக்கு, சிறையிருப்பின் ஐந்தாம் ஆண்டில் ஒரு காட்சி கிடைத்தது. வடக்கிலிருந்து புயற்காற்றும் தீயும் வந்தன. நடுவே நான்கு ஜீவன்கள். ஒவ்வொன்றுக்கும் மனிதன், சிங்கம், எருது, கழுகு என்று நான்கு முகங்கள், நான்கு சிறகுகள். அருகே சக்கரத்துக்குள் சக்கரம், அதன் வட்டையெங்கும் கண்கள். தலைக்கு மேலே பளிங்கு போன்ற தளம், அதன்மேல் நீலக்கல் சிம்மாசனம், அதில் மனித சாயலில் ஓர் உருவம்.

பழைய யூத ஆசான்கள் இந்தக் காட்சியைச் சொல்லும் எசேக்கியேல் நூலின் முதல் அதிகாரத்துக்கு அஞ்சினார்கள். தானாகவே விளங்கிக்கொள்ளும் ஞானியாக இருந்தாலன்றி, ஒரே ஒரு மாணவனுக்குக்கூட இதைப் போதிக்கக் கூடாது என்று யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா தடை போட்டது.

1968-இல் அந்த அச்சமெல்லாம் போய்விட்டது. சுவிட்சர்லாந்துக்காரரான எரிக் ஃபொன் டேனிகன், எசேக்கியேல் கண்டது வேற்றுக்கிரகத்தாரின் கலம் என்று எழுதினார். அப்போலோ 8 நிலவைச் சுற்றிவந்ததும் அதே ஆண்டில்தான். நாசாவின் ஹன்ட்ஸ்வில் மையத்தில் வேலைசெய்த பொறியாளர் ஜோசப் புளூம்ரிச்சுக்கு இந்தக் கூற்று எரிச்சலூட்டியது. மறுத்து எழுதத்தான் வேதாகமத்தைக் கையிலெடுத்தார். கடைசியில் டேனிகன் பக்கமே சாய்ந்துவிட்டார். 1973-இல் ஜெர்மன் மொழியில் வந்த அவருடைய நூலில் சிறகுகள் ஹெலிகாப்டர் விசிறிகளாயின, கன்றின் குளம்பு போன்ற பாதங்கள் தரையிறங்கும் கால்களாயின. எந்தத் திசையிலும் திரும்பாமலே உருளும் அந்தச் சக்கரங்களை மனத்தில் வைத்து அவர் வடிவமைத்த சக்கரத்துக்கு 1974-இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது.

அவருடைய உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் எசேக்கியேலின் முதல் அதிகாரத்தில் தேடிய விடை பத்தாம் அதிகாரத்திலேயே இருக்கிறது. அதே ஜீவன்களை மறுபடி பார்க்கும் எசேக்கியேல், இவை கேருபீன்கள் என்று அறிந்துகொண்டதாகச் சொல்கிறார். கண்ட சாட்சியே அடையாளம் காட்டிவிட்ட பிறகு நாம் வானத்தில் தேடுவானேன்?

ஆசாரியக் குடும்பத்தில் பிறந்தவருக்குக் கடவுளின் சந்நிதியைக் காக்கும் சிறகுள்ள கேருபீன்கள் புதிதல்ல. சாலொமோன் கட்டிய ஆலயத்தின் கருவறையில் ஒலிவ மரத்தில் செய்து பொன்தகடு போர்த்திய இரண்டு கேருபீன்கள் பத்து முழ உயரத்துக்கு நின்றன. வெளியே, தீருவிலிருந்து வந்த கைவினைஞன் ஈராம் வார்த்த பத்து வெண்கலத் தாங்கிகள் இருந்தன. தண்ணீர்த் தொட்டிகளைச் சுமக்கும் இந்தத் தாங்கிகள் ஒவ்வொன்றும் நான்கு முழ நீளம், நான்கு முழ அகலம், மூன்று முழ உயரம். ஒவ்வொன்றுக்கும் நான்கு சக்கரங்கள். அவை ரதச் சக்கரங்களைப் போலவே வட்டை, ஆரக்கால், குடம் எல்லாம் வைத்து வார்க்கப்பட்டவை. பக்கப் பலகைகளில் என்ன உருவங்கள் தெரியுமா? சிங்கம், எருது, கேருபீன். விண்கல ஆர்வலர்கள் இந்தப் பலகைகளை ஒருமுறை நிதானமாகப் படித்திருக்கலாம்.

சிறைப்பட்டு வந்த நாட்டிலும் இதே உருவங்கள்தான். பாபிலோனின் இஷ்தார் வாயிலில் எருதுகள், அதை நோக்கிய ஊர்வலப் பாதையில் சிங்கங்கள். அசீரிய அரண்மனை வாசல்களில் மனிதத் தலையும் எருது உடலும் கழுகுச் சிறகும் கொண்ட கற்காவலர்கள். வென்றவர்களின் வாசலைக் காத்த உருவங்களை எசேக்கியேல் தம் கடவுளின் சிம்மாசனத்துக்கு அடியில் நிறுத்திவிட்டார். தோற்றுப்போன ஒரு சிறைக்கைதியின் துணிச்சல் அது!

வேற்றுக்கிரகவாசி என்ற கற்பனையிலிருந்து இந்த ஜீவன்கள் விலகுவதும் இங்கேதான். வேற்றுக்கிரகவாசிக்குச் சொந்த உலகம் உண்டு, சொந்த நோக்கம் உண்டு. நம்மை ஆராய வருகிறான், அல்லது ஆள வருகிறான். கேருபீன்களுக்கு அப்படியொன்றும் இல்லை. ஆவி எங்கே போகிறதோ அங்கே அவை போகின்றன, சக்கரங்களும் கூடவே எழும்புகின்றன. அவை மாலுமிகள் அல்ல. உற்சவ மூர்த்தியைச் சுமக்கும் வாகனங்களுக்குத்தான் நெருக்கமானவை. பேசுகிறவர் மேலே வீற்றிருக்கிறார்.

எருசலேமைவிட்டு வந்த மக்களை அரித்த கேள்வி, ஆலயம் அங்கே இருக்க இங்கே நம் கடவுள் ஏது என்பதுதான். சிம்மாசனத்துக்குச் சக்கரம் உண்டு, அது கேபார் கரைக்கும் வரும் என்பது எசேக்கியேலின் பதில். புளூம்ரிச்சின் வரைபடத்தில் இந்தப் பதிலுக்கு இடமே இல்லை. அதனால்தான் எனக்கு அது போதவில்லை.

பத்து, பதினொன்றாம் அதிகாரங்களில் அந்தச் சிம்மாசனம் ஆலய வாசலைக் கடந்து, நகரத்துக்குக் கிழக்கேயுள்ள மலைமேல் போய் நிற்கிறது. கி.மு. 586-இல் கல்தேயர், அதாவது பாபிலோனியர், ஆலயத்தைக் கொளுத்தினார்கள். ஈராம் வார்த்த தாங்கிகளை உடைத்து, வெண்கலத்தைப் பாபிலோனுக்கு எடுத்துச் சென்றார்கள். அந்த முற்றுகையின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)