கனடாவிலிருந்து வந்த மருமகள்



மகளிர் தினம் வந்தால் நமது பாடசாலைகளில் பேச்சுப் போட்டி வைக்கிறோம். பிள்ளைகள் அன்னை தெரேசாவைப் பற்றியும் இந்திரா காந்தியைப் பற்றியும் அழகாகப் பேசுகிறார்கள். இந்த நாட்டுப் பெண்களுக்காக அறுபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த மேரி ரட்ணத்தின் பெயர் மட்டும் எந்தப் பிள்ளையின் வாயிலும் வருவதில்லை. நாம் சொல்லிக் கொடுத்தால்தானே வரும்? அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

மேரி 1873இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பிறந்தவர். பெண்கள் வைத்தியம் படிப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில் படித்து வைத்தியரானார். 1896இல் அமெரிக்க மிஷன் சார்பில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றவென்று இலங்கைக்குப் புறப்பட்டார். அதற்கிடையில் சாமுவேல் கிறிஸ்மஸ் கனக ரட்ணம் என்ற இலங்கைத் தமிழரை மணந்துகொண்டார். வெள்ளைக்காரப் பெண் உள்ளூர்க்காரரை மணந்ததை மிஷன் ஏற்கவில்லை. வேலை கைவிட்டுப் போயிற்று.

கப்பலேறி ஊருக்குத் திரும்பியிருக்கலாம். அவர் திரும்பவில்லை. கொழும்பில் பெண்களுக்கான லேடி ஹெவ்லொக் வைத்தியசாலையில் சில காலம் வேலை செய்தார், பிறகு சொந்தமாக வைத்தியம் பார்த்தார். ஆண் வைத்தியரிடம் போகக் கூச்சப்பட்ட பெண்கள் எல்லாச் சமூகத்திலும் இருந்த காலம் அது. நமது பாட்டிமாரின் தலைமுறையை நினைத்துப் பாருங்கள், ஒரு பெண் வைத்தியர் என்றால் எவ்வளவு பெரிய நிம்மதி!

அவர் வைத்தியத்தோடு நிற்கவில்லை. பாடசாலைப் பிள்ளைகளுக்காகச் சுகாதார நூல் எழுதினார். பெண்கள் சங்கங்கள் பலவற்றைத் தொடங்கினார். 1927 நவம்பரில் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. (அதே மாதத்தில்தான் காந்தியும் நமது பதுளைக்கு வந்து பேசினார்.) அடுத்த மாதம் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவானது. அதை உருவாக்கியவர்களில் மேரியும் ஒருவர். சங்கத்தின் செயலாளர் அக்னஸ் டி சில்வாவிடம் ஆணைக்குழு ஒரு கேள்வி கேட்டது: தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா? நிச்சயமாக வேண்டும், அவர்களும் பெண்கள்தானே என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். ஊவாவில் இருக்கும் நாம் இந்தப் பதிலை மறக்கக்கூடாது. 1931இல் இந்நாட்டுப் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தார்கள்.

1897இல் ஒன்ராறியோவில் கிராமத்துப் பெண்கள் கூடி வீட்டுச் சுகாதாரம், சமையல், பிள்ளை வளர்ப்பு ஆகியவற்றைக் கற்கும் சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. தான் பிறந்த மாகாணத்தின் அந்த முறையை 1930களின் தொடக்கத்தில் மேரி நமது கிராமங்களுக்குக் கொண்டுவந்தார். அதுதான் லங்கா மகிளா சமிதி. பல நாட்டுக் கிராமப் பெண்களை இணைக்கும் உலக அமைப்பின் மாநாடு 1957இல் இலங்கையில் நடந்தது. 1958இல், மகசேசே விருது முதன்முதலாக வழங்கப்பட்ட ஆண்டிலேயே, பொதுச் சேவைக்காக அது மேரிக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 85. 1962இல் காலமானார்.

இந்தக் கதையில் நமக்கு வலிக்கும் ஒரு பக்கமும் உண்டு. சமிதிகள் வளர்ந்தது கிராமங்களில். தோட்டம் தனியார் நிலம், துரையின் அனுமதியில்லாமல் வெளியார் உள்ளே போவது கஷ்டம். லயத்துப் பெண்ணுக்கு அப்படியொரு கூட்டம் எளிதில் கிடைக்கவில்லை. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தோடு அவளுடைய வாக்கும் போனது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. கடல் கடந்து வந்த கனடாக்காரியை இந்த நாடு தன் மகளாகவே ஏற்றுக்கொண்டது. இதே மண்ணில் பிறந்து கொழுந்து பறித்தவளை வெளியாள் என்றது. பிரச்சினை முழுமையாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சரி, இப்போது நம்மால் என்ன செய்ய முடியும்? பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தை வேலை நாளில் வைத்துவிட்டு, "தோட்டத்துத் தாய்மார் வருவதில்லை" என்று குறை சொல்கிறோம். வந்தால் அவர்களுக்கு அன்றைய பேர் அரைப் பேராகிவிடும். ஒரு தவணையில் ஒரு கூட்டத்தையாவது ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து மண்டபத்திலேயே வைப்போமா? டவுனிலிருந்து நமது தாய்மாரும், பக்கத்துக் கிராமத்துச் சிங்களத் தாய்மாரும் அங்கே போகட்டும். பிள்ளைக்கு இரும்புச்சத்துக் குறைவு, காய்ச்சல், படிப்பு என்று பேச எல்லாருக்கும் பொதுவான விடயங்கள் நிறைய உண்டு.

மேரி ரட்ணம் செய்தது இதுதான். பெண்களை ஒரு பாயில் உட்கார வைத்துப் பேச விட்டார். உங்கள் பாடசாலையில் இதற்கு எந்த ஞாயிறு வசதி என்று கீழே எழுதுங்கள், பேசி முடிவெடுப்போம்.